பெற்றோர் விருப்பத்தின் பேரில்

பொய் உங்களுடையது. கையெழுத்து என்னுடையது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திக் கை குலுக்கினீர்களே, அந்தக் கல்வி அதிகாரியைத்தான் சொல்கிறேன். அஞ்சலா என்ற பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தச் சொன்னது நீங்கள். துரத்தியது நான். பழியை மட்டும் அவளைப் பெற்றவன் தலையில் கட்டிவிட்டோம்.

உங்களிடம் கடைசியில் வருகிறேன். முதலில் இந்த வருஷம் மலைப்பள்ளிகளுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களிடம் பேச வேண்டும்.

ஓய்வு பெற்றவர்கள் பேச ஆரம்பித்தால் கொட்டாவி வரும். எனக்கும் வந்திருக்கிறது. பாடம் எப்படி நடத்துவது, பாடக்குறிப்பு எப்படி எழுதுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் செய்த ஒரு அயோக்கியத்தனத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். நாளைக்கு உங்களையும் அதைச் செய்யச் சொல்வார்கள். சொல்லும்போது அது அயோக்கியத்தனம் மாதிரியே இருக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சந்தவாசல். கணக்கு டீச்சர். ஜவ்வாது மலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். கடைசி மூன்று வருஷம் பொறுப்புத் தலைமையாசிரியர். ‘பொறுப்பு’ என்றால் நாற்காலி உண்டு, பதவி கிடையாது. திட்டு மட்டும் முழுசாக உண்டு.

பொறுப்பேற்ற முதல் வருஷம் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இரண்டு பேர் கணக்கில் பெயில். என் பாடம். இரண்டு பேரும் ஜூலையில் நடந்த மறுதேர்வில் அந்த ஒரு பாடத்தை எழுதிப் பாஸ் ஆகிவிட்டார்கள். ஒரு பையன் பாலிடெக்னிக் போனான், ஒரு பெண் பதினொன்றில் சேர்ந்தாள். எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் ஜூலையில் வாங்கிய பாஸ் எந்தப் பட்டியலிலும் ஏறாது. மே மாதம் வந்த சதவீதம்தான் சதவீதம். ஆகஸ்டில் கீழே நடந்த ஆய்வுக் கூட்டத்தில், நூறு வாங்காத பள்ளிக்காரர்களை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார் அதிகாரி. எங்களில் பலருக்குத் தலை நரைத்திருந்தது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

“மேடம், உங்க ஸ்கூல்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு சார். ரெண்டு பேரும் ஜூலையில...”

“ஜூலைய விடுங்க. ரெண்டே பேரு. அந்த ரெண்டு பேரு யாருன்னு ஜனவரியிலயே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் உட்டுட்டீங்க.” கூட்டம் சிரித்தது. “நான் யாரையும் நீக்கச் சொல்லலை மேடம். நாளைக்கு வெளிய போய் அப்படிச் சொல்லிடாதீங்க. பாத்துக்கோங்கன்னுதான் சொல்றேன்.”

அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பாத்துக்கோங்க.’ இந்தத் தொழிலில் நான் கேட்ட சொற்களிலேயே மிக மோசமானது இதுதான். அதில் உத்தரவு இருக்கிறது, ஆனால் உத்தரவிட்டவர் யாரென்று இருக்காது.

எனக்கு அதன் அர்த்தம் நிஜமாகவே புரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எதிர் டீக்கடையில் ஒரு மூத்த தலைமையாசிரியர் புரிய வைத்தார். சமவெளிப் பள்ளிக்காரர், வருஷா வருஷம் நூறு சதவீதம். அவரிடம் ஏதோ மந்திரம் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம்.

“இன்னாம்மா, மூஞ்சி இப்படிப் போச்சு? ஒன்னு கேக்கறேன். டீ எப்படிப் போடறான்?”

“எப்படிப் போடறான்?”

“வடிகட்டிட்டுத்தானே குடுக்கறான்? தூளையும் சேத்தா கிளாஸ்ல ஊத்தறான்? பட்டியல் போறதுக்கு முன்னாடி வடிகட்டிடு. தேறாததுக்கு டி.சி. குடுத்துடு.”

“கேக்காமயே எப்படிங்க குடுக்கறது?”

“கேட்ட மாதிரி குடு. பெற்றோர் விருப்பத்தின் பேரில்னு ஒரு வரி. அப்பன்கிட்ட ஒரு கையெழுத்து. அந்த ஒரு வரி இருந்தா உன்னைய ஒருத்தன் ஒன்னும் பண்ண முடியாது.”

டீக்கு அவரே காசு கொடுத்தார். இருபது வருஷத்தில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எதுவும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் மண்டையில் ஏறியதில்லை.

இப்போது அஞ்சலா. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம். எங்கள் விடுதியில் தங்கி அந்த வருஷம் பத்தாம் வகுப்பு படித்தாள். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அப்படி ஒரு பட்டியல் உங்கள் கையிலும் தருவார்கள். அதில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம், முப்பத்தைந்து மார்க் வாங்க வைத்தால் போதும். கணக்கில் அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு வரைபடம், ஒரு வடிவியல் படம். இரண்டும் தேர்வில் நிச்சயம் வரும். இரண்டையும் நூறு தடவை போட வைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. என்ன வரைகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. கோலம் போடுகிற மாதிரி போட்டால் போதும்.

மொத்த வகுப்புக்கும் வைத்த சிறப்பு வகுப்பில் அந்த வரைபடத்தைப் போட்டேன். ஒரு பேருந்து சீரான வேகத்தில் போகிறது, நேரத்துக்கும் தூரத்துக்கும் வரைபடம் வரைக. நேர்கோடு வரும். முப்பது பேரும் வாய் பேசாமல் கோடு போட்டார்கள். அஞ்சலா மட்டும் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், இது எந்த ரூட்டு பஸ்ஸு?”

“எந்த ரூட்டா இருந்தா இன்னா? கோட்டப் போடு.”

“இல்ல டீச்சர், கோடு நேராப் போவுதே. நம்ம பஸ்ஸு இப்படி நேராப் போனா மொத வளைவுலயே பள்ளத்துலல்ல வுழும்?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை, பாடத்தை முடிக்க வேண்டும். “ரொம்ப பேசற. கேள்வி கேக்காத, கோடு போடு” என்றேன். கணக்கு டீச்சர் சொன்ன வார்த்தை இது. கேள்வி கேக்காத.

காலாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. முப்பது பேரும் நேர்கோடு போட்டிருந்தார்கள். அஞ்சலா எங்கள் மலை பஸ்ஸை வரைந்திருந்தாள். சமதரையில் கோடு சரசரவென்று ஏறியது. வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது. நடுவில் ஒரு இடத்தில் ஏறாமல் தட்டையாகவே போனது. அந்த இடத்தில் பென்சிலால் ‘டீக்கடை’ என்று எழுதியிருந்தாள். பஸ் நிற்கிறது. நேரம் போகிறது, தூரம் ஏறவில்லை. முப்பத்தோரு பேரில் வரைபடம் என்றால் என்னவென்று புரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நான் சைபர் போட்டேன்.

கேள்வியில் ‘சீரான வேகம்’ என்று இருந்தது. விடைக்குறிப்பில் நேர்கோடு என்று இருந்தது. ஆகவே அவள் போட்டது தப்புதான், நான் போட்ட சைபரை யாரும் குறை சொல்ல முடியாது. கடற்கரைப் பிள்ளைக்கும், நகரத்துப் பிள்ளைக்கும், எங்கள் மலைப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே விடைக்குறிப்பு. அதைச் சமத்துவம் என்கிறார்கள். இருக்கட்டும். அதே தாளில் முப்பது பேருக்கு முழு மார்க் போட்டேனே, அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு இது என்ன கோடு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள். அதைத் தேர்ச்சி என்று எழுதினோம். இவளை மெல்லக் கற்பவள் என்று எழுதினோம்.

நவம்பரில் அஞ்சலா வீட்டார் குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போனார்கள். மலையில் பாதி ஊர் போகும். சாமை அறுப்பு முடிந்தால் இங்கே கையில் வேலை இருக்காது. அவள் அம்மாவுக்கு அந்த வருஷம் உடம்புக்கு முடியவில்லை, சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று இவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. பொங்கலுக்குத் திரும்பி வருவார்கள், எல்லா வருஷமும் வருவார்கள். பள்ளிக்கூடத்து நாள்காட்டிக்குக் காப்பி பழுக்கிற காலம் தெரியாது. எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வருகைப் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வராதவர்’ என்று எழுதினோம்.

ஜனவரியில் அதிகாரியே போன் செய்தார். தேர்வு எழுதுவோர் பட்டியலை மூட நான்கு நாள் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிற பிள்ளை பெயிலானால் பள்ளியின் சதவீதம் குறையும். தேர்வுக்கே வராமல் போனாலும் குறையும். பெயரே இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

“மேடம், உங்க லிஸ்ட்ல ஒரு புள்ள அரையாண்டே எழுதலையே. அஞ்சலா.”

“பொங்கலுக்கு வந்துரும் சார்.”

“வந்து? காலாண்டுல எத்தனை வாங்கிச்சு கணக்குல?”

சொன்னேன்.

“முப்பது பேரு உழைப்பு மேடம். ஒரு புள்ளைக்காக. போன வருஷம் நின்னீங்களே, ஞாபகம் இருக்கா? பாத்துக்கோங்க.”

வைத்துவிட்டார்.

பத்தாம் வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டேன். கலசப்பாக்கத்துக்காரர், வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். அஞ்சலாவுக்கு டி.சி. தயார் பண்ணுங்கள் என்றேன்.

“அவங்க அப்பா கேட்டாருங்களா மேடம்?”

“கேப்பாரு.”

“கேட்டப்புறம் எழுதறேன் மேடம்.”

“எனக்கே சொல்லிக் குடுக்கறியா நீ? நேத்து வந்த ஆளு.”

“நேத்து வந்தாலும் என் வகுப்புங்க மேடம். நான் எழுத மாட்டேன்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நான் ஆசிரியர்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டினேன். அவர் இன்னும் மலையில்தான் இருக்கிறார். இதைப் படிப்பார். தம்பி, அந்த அறையில் அன்றைக்குத் தலைமையாசிரியர் நீதான். நான் வெறும் பொறுப்பு.

அவர் எழுதவில்லை என்றதும் நானே எழுதினேன். டி.சி.யை மட்டுமல்ல, டி.சி. கேட்கும் விண்ணப்பத்தையும். ‘என் குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளைத் தொடர்ந்து படிக்க வைக்க இயலாததால்...’ வெள்ளையன் என்ற மனிதர் சொல்லாத வார்த்தைகளை அவர் பெயரில் நான் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

பொங்கலுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மறுநாள் ஷேர் ஜீப்பில் போய், இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன். அவர்கள் குடகிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அஞ்சலா தண்ணீருக்குப் போயிருந்தாள். வெள்ளையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கட்டிலைத் துடைத்தார்.

“குந்துங்க டீச்சரம்மா. யம்மா, யாரு வந்துருக்காங்க பாரு! டீச்சரம்மாவே நம்ம வூட்டாண்ட வந்துட்டாங்க.”

அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர் கொடுத்தார். வறுத்த பலாக்கொட்டை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

“தப்புதாங்க,” என்றார் வெள்ளையன். “இவளுக்கு முடியல, அதான் புள்ளயக் கூட்டிகினு போய்ட்டேன். திட்டுங்க. ஆனா புள்ள அங்கயும் பொஸ்தகத்தக் கீழ வெக்கலங்க. திங்கக்கெழம காலயில வந்துரும். நானே இட்டாந்து வுடறேன்.”

பையில் இருந்த காகிதத்தை எடுத்தேன்.

“இதுல ஒரு கையெழுத்து போடுங்க.”

“பரிச்சைக்குங்களா?”

இந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவகாசம் இருந்தது. யாரும் துப்பாக்கி வைத்து மிரட்டவில்லை. பக்கத்தில் அதிகாரி இல்லை. நானும், புருஷன் பெண்சாதி இரண்டு பேரும், ஒரு நாயும்தான்.

“ஆமா,” என்றேன். “பரிச்சை சம்பந்தமாத்தான்.”

நான் மைப்பெட்டி கொண்டு போயிருந்தேன், கைநாட்டுக்காக. அவர் அதைத் தள்ளி வைத்தார். “இல்லீங்க. எனக்குப் பேரு போடத் தெரியும். பாப்பா கத்துக் குடுத்துருக்குது.” பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ளை எழுதும்போது மட்டும் நிறுத்தி, விரலால் காற்றில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். முடித்ததும் என்னைப் பார்த்து, “சரியா இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். அஞ்சலா வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். சீருடையை வெளுத்துப் போட்டிருந்தாள். வெள்ளையன் வாசல் வரை விட்டுவிட்டுப் போய்விட்டார். வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. வருகைப் பதிவேட்டில் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். நேராக என் அறைக்கு வந்தாள்.

“டீச்சர், எம்பேர வுட்டுட்டாரு சாரு.”

“உனக்கு டி.சி. குடுத்தாச்சும்மா.”

“யாரு கேட்டா?”

“உங்கப்பா.”

“எங்கப்பனா? எங்கப்பன் இப்பத்தான் கேட்டாண்ட வுட்டுட்டுப் போவுது!”

நான் காகிதத்தைக் காட்டினேன். அவள் கையெழுத்தை முதலில் பார்த்தாள். பிறகு மேலே இருந்ததைப் படித்தாள். நிதானமாக, முழுசாகப் படித்தாள். மெல்லக் கற்பவள்.

“இது உங்க எழுத்து டீச்சர்,” என்றாள். “கையெழுத்துதான் எங்கப்பன்து.”

நான் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். அடுத்த வருஷம் தனியாக விண்ணப்பித்து எழுதலாம். வீட்டிலிருந்து படிக்கலாம். இப்போது எழுதினால் பெயிலாகிவிடுவாய், மனசு உடைந்துவிடும். உன் நல்லதுக்குத்தான்.

“பெயிலாவது ஆயிட்டுப் போறேன் டீச்சர். எழுத வுடுங்க.”

அவள் சொன்னது சரி. பொதுத்தேர்வு எழுதிக் கணக்கில் மட்டும் பெயிலான பிள்ளை, அந்த ஒரு பாடத்தை ஜூலையில் எழுதிக்கொள்ளும். எழுத விடாமல் அனுப்பப்பட்ட பிள்ளை எல்லாப் பாடத்தையும் தனியாக, கீழே எங்கேயோ ஒரு ஊரில், பஸ் வந்தால் போய் எழுத வேண்டும். பெயில் என்பது ஒரு படி. அதற்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் அவளைத் தள்ளியிருந்தேன். பெயிலாகிற உரிமையைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மே மாதம் எங்கள் பள்ளி நூறு சதவீதம். முப்பது பேருக்கு முப்பது. மேடை போட்டார்கள். ‘மலைப்பகுதியின் சாதனை’ என்று அதிகாரி மைக்கில் பேசினார். பொன்னாடை போர்த்தினார். அந்த மூத்த தலைமையாசிரியர் முதுகில் தட்டி, “இப்பத்தான்மா நீ ஹெச்.எம். ஆன” என்றார். நான் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். அந்தப் போட்டோ பள்ளியில் இன்னும் மாட்டியிருக்கிறது. போனால் பாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதையும் பெருமையாகச் சொல்லவில்லை. ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகு வருகிற தைரியத்துக்கு என்ன மரியாதை? அஞ்சலா வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தனித்தேர்வர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தாள். பத்தொன்பது வயசு. கையெல்லாம் பசை வாடை.

“மிஷின்ல குந்துறதுக்குப் பத்தாவது பாஸ் கேக்கறாங்க டீச்சர். நான் பசை தடவுறேன்.” அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கேட்டாள்: “அந்த வருசம் நம்ம ஸ்கூல்ல எல்லாரும் பாஸாமே?”

“ஆமா.”

“நான் எதுல டீச்சர்? பாஸ்லயா, பெயில்லயா?”

“ரெண்டுலயும் இல்லம்மா.”

“அப்ப நான் எங்க இருக்கறேன்?”

விண்ணப்பத்தை நீட்டினேன். தேர்வுக்கு ஆகிற எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன், நானே வந்து கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவள் வாங்கவில்லை.

“மொதல்ல அந்த வரிய அடிங்க டீச்சர். பெற்றோர் விருப்பம்னு போட்டீங்களே, அத. ஊர்ல எங்கப்பன இன்னா சொல்றாங்க தெரியுமா? காப்பித் தோட்டத்துக் கூலிக்கு ஆசப்பட்டு பொண்ணு படிப்ப நிறுத்திட்டான்னு. எங்கம்மாவே, படிக்கத் தெரியாத காகிதத்துல ஏன் கையெழுத்துப் போட்டன்னு ரொம்ப நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. எங்கப்பன் இப்ப எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடறதில்ல. கைநாட்டுதான் வெக்குது. கத்துக்கினத மறந்துட்டேன்னு சொல்லுது.”

சங்கு ஊதியது. உள்ளே போகிற அவசரத்திலும் திரும்பி, “அத மாத்திட்டு வாங்க. அப்புறம் எழுதறேன்” என்றாள்.

நான் அதிகாரியின் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். டி.சி.யில் உள்ள காரணம் பொய், விண்ணப்பத்தை எழுதியது நான், பெற்றவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது நான், திருத்திக் கொடுங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது. ‘ஆவணங்களின்படி மாற்றுச் சான்றிதழ் பெற்றோர் விருப்பத்தின் பேரில் வழங்கப்பட்டுள்ளதால் திருத்தம் செய்ய இயலாது.’ என் பொய்யை என்னாலேயே அழிக்க முடியவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரி இருந்தால் யாரும் ஒன்றும் பண்ண முடியாது என்று டீக்கடையில் சொன்னது எவ்வளவு உண்மை!

புதிதாக வந்தவர்களே, தேர்வே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தேர்வு இல்லாவிட்டால் எங்கள் மலைப் பிள்ளை படித்திருக்கிறாள் என்று கீழே ஒருவனும் நம்பமாட்டான். அஞ்சலா கேட்டதும் தேர்வைத்தான். ஆனால் பிள்ளையை அளக்க வந்த தேர்வை வைத்துப் பள்ளியை அளக்க ஆரம்பித்தார்கள். பள்ளியை வைத்து அதிகாரியை அளந்தார்கள். அன்றிலிருந்து பிள்ளை எங்களுக்கு ஒரு இடைஞ்சல். சதவீதம் போட வேண்டும் என்றால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த தலைகளை எண்ணிப் போடுங்கள். கடைசி நாள் பட்டியலில் மிஞ்சிய தலைகளை எண்ணாதீர்கள். ஜூலையில் வாங்கிய பாஸையும் பாஸ் என்று எண்ணுங்கள். மலையில் ஒரு மையம் வைத்து, பிள்ளைகள் ஊரில் இருக்கிற மாதத்தில் இன்னொரு தடவை எழுத விடுங்கள். ஒரு பாடம் ஒரு பாடமாகக்கூட எழுதி முடிக்கட்டும். இதில் எதுவும் முடியாத காரியம் இல்லை. நூறு என்ற எண் மட்டும் கிடைக்காது.

உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். யாராவது ‘பாத்துக்கோங்க’ என்று சொன்னால், ‘எதை என்று எழுத்தில் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கேட்டால் மாற்றுவார்கள், திட்டுவார்கள், நிற்க வைப்பார்கள். நில்லுங்கள். நான் ஒரு மத்தியானம் நிற்க வெட்கப்பட்டேன். அதன் விலையை இன்னொருத்தி பசைக் கையோடு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன், அதிகாரியே.

நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தை எழுதியது நான். வெள்ளையனிடம் பொய் சொன்னது நான். இதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், ஓய்வூதியத்தில் கை வையுங்கள், நான் மறுக்க மாட்டேன். உங்கள் பங்கை நீங்கள் சொல்ல வேண்டும். எனக்குக் கடிதம் வேண்டாம். உங்கள் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அதே பள்ளியில் எழுதப் பழகினவள்.

இந்த வருஷமும் மேடை போடுவீர்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்று மலைப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் படியுங்கள். நடுவில் காணாமல் போனவர்களைப் பெயர் சொல்லிப் படியுங்கள். பாஸிலும் இல்லாமல் பெயிலிலும் இல்லாமல் அவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அஞ்சலா பெயர் வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். முன் வரிசையில் வெள்ளையன் உட்கார்ந்திருப்பார், நான் கூட்டிக்கொண்டு வருவேன். ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன். அவர் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

யார் விருப்பத்தின் பேரில்?